சின்ன வயதில் கேஸ், இப்போது வேலை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வயதுக்கு முன்னர் பொலிஸ், கோடு (நீதிமன்றம்) என்று போன விடயம் வேலைக்கு எழுதும்போது திரும்பி வருமா? உவர்மலை, கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கே போனாலும் இந்தச் சந்தேகம்தான் வேறு வேறு வார்த்தைகளில் வருகிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து வாசித்து வருவது நல்லது.

"கொம்பனியில பொலிஸ் றிப்போட் கேக்கிறாங்க. அதை எங்க எடுக்கிறது?"

'பொலிஸ் றிப்போட்' என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு கடதாசிகளை. எது வேண்டும் என்று முதலில் கொம்பனியிடமே கேளுங்கள். ஒன்று, ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) தரும் வதிவிட, நற்பண்புச் சான்றிதழ். அதைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். உள்ளூர் ஹோட்டல், சீமெந்து ஆலை, மாவாலை, கடை, பாதுகாப்புக் கொம்பனி எல்லாம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்.

மற்றது, பொலிஸ் தலைமையகம் தரும் கிளியரன்ஸ் சான்றிதழ். அது வெளிநாட்டு வேலை, விசா, குடியேற்றம் போன்ற தேவைகளுக்கானது. பொலிஸ் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று அங்கேயே பாருங்கள். உள்ளூர் வேலைக்கு இதைக் கேட்கும் முதலாளியிடம் ஜீ.எஸ். சான்றிதழ் போதுமா என்று கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள்.

"ஜீ.எஸ். சான்றிதழில வழக்குப் பற்றியும் எழுதுவாரா?"

படிவத்திலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது: விண்ணப்பதாரர் நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரா என்பது. அதோடு, எவ்வளவு காலம் தெரியும், பொதுப்பணியில் ஈடுபாடு உண்டா, நடத்தை எப்படி என்பவையும் உண்டு. கேட்கப்படுவது தீர்ப்புத்தான். 'பொலிஸுக்குப் போனானா', 'ஊரில் கதை இருக்கா' என்று படிவம் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இதுவே வரும்.

சான்றிதழ் மேலொப்பமிட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குத்தான் செல்லுபடி. நேர்முகத் தேர்வுக்கு ஒரு வருடம் முந்தியதைக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

"மகனுக்கு அப்ப 11 வயசு. கடையில சாமான் எடுத்ததுக்குப் பிடிச்சவங்க. அது இப்ப பேரில நிக்குமா?"

தண்டனைச் சட்டக்கோவைக்கு 2018இல் வந்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்ததன் தன்மையையும் விளைவையும் விளங்கும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். அந்தத் திருத்தத்துக்கு முன் இந்த எல்லைகள் 8, 12 என்று இருந்தன. சம்பவம் 2018க்கு முந்தியதென்றால் பழைய எல்லைப்படியே நடந்திருக்கும். திகதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பொலிஸில கூட்டிக்கொண்டு போய் எழுதி எடுத்துப்போட்டு விட்டவங்க. கோட்டுக்குப் போகேல்ல. அதுவும் வழக்கா?"

இல்லை. முறைப்பாடு தகவல் புத்தகத்தில் பதிவாகியிருக்கும், சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் விசாரித்திருக்கலாம். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வைக்கப்படாவிட்டால் தீர்ப்பு என்ற பேச்சே இல்லை. மத்தியஸ்த சபைக்கு அனுப்பித் தீர்த்ததும் அப்படித்தான். அங்கே நடந்தது இணக்கம். சபை தந்த தீர்வுப் பத்திரம் இருந்தால் கிழித்துப்போடாமல் வைத்திருங்கள்.

"போமில 'எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீரா' எண்டு இருக்கு. ஓம் எண்டு போடுறதா, இல்லை எண்டு போடுறதா?"

பலரும் தடுக்கி விழுவது இந்தக் கேள்வியில்தான். ஒருபக்கம் பயத்தில் மறைப்பவர்கள். மறுபக்கம், வீணாக 'ஓம்' போட்டுத் தானாகவே கதவைச் சாத்திக்கொள்பவர்கள். இரண்டாவது கூட்டம் குறைவென்று நினைக்காதீர்கள். கைதானது, குற்றஞ்சாட்டப்பட்டது, குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டது, இவை மூன்றும் மூன்று படி. படிவம் எந்தப் படியைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வழக்கு எப்படி முடிந்தது என்று பாருங்கள். விடுதலையானால் 'இல்லை'. முறைப்பாட்டாளரோடு சமாதானமாகி, சட்டம் அனுமதிக்கும் குற்றம் இணக்கத்தில் முடிந்திருந்தால் அது விடுதலைக்குச் சமன், அதற்கும் 'இல்லை'. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், வயதையும் முன்நடத்தையையும் பார்த்துக் குற்றத்தீர்ப்பு அளிக்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விடுவித்திருந்தால் அங்கும் குற்றத்தீர்ப்பு இல்லை. ஆனால் ஒத்திவைத்த சிறைத்தண்டனை என்பது வேறு. சிறைக்குப் போகாவிட்டாலும் தீர்ப்பு இருக்கிறது. 'உள்ளுக்குப் போகேல்லத்தானே' என்று 'இல்லை' போட்டு மாட்டியவர்கள் அதிகம்.

சிறுவர் நீதிமன்றக் கட்டளை என்றால் அதை நீங்களாகத் 'தண்டனை' என்று பெயர்த்து எழுதாதீர்கள். பெற்றோரிடம் பிணைமுறி வாங்கி ஒப்படைப்பது, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடுவது, தகுந்த ஆள் ஒருவரிடம் ஒப்படைப்பது, சான்றுபெற்ற பாடசாலைக்கு (நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகள் தங்கியிருக்கும் நிலையம்) அனுப்புவது என்று அங்கே கட்டளைகள் பலவகை. கட்டளையின் கடைசி வரிகளைச் சட்டத்தரணி ஒருவர் வாசித்து, இந்தப் படிவத்தின் கேள்விக்கு என்ன பதில் என்று சொன்ன பிறகு எழுதுங்கள். திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் அங்கே கேட்கலாம்.

"பொய் சொன்னா என்ன செய்வாங்க? பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தினதை ஆர் தேடப்போறான்?"

அரச வேலை விண்ணப்பத்தின் அடியில் நீங்கள் கையெழுத்திடும் உறுதியுரையை ஒருதரம் வாசியுங்கள். தெரிவுக்கு முன் பொய்யென்று தெரிந்தால் தகுதியிழப்பு, நியமனத்துக்குப் பின் தெரிந்தால் நட்டஈடு இல்லாத பதவிநீக்கம். பழைய சிறு வழக்குக்காக வேலை கிடைக்காமல் போவதற்கு வாய்ப்பு ஓரளவு. அதை மறைத்ததற்காக ஐந்து வருடம் செய்த வேலை போவதற்கு வாய்ப்பு அதைவிட அதிகம், வாதாட இடமும் இருக்காது. கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆட்சேர்ப்பில் வீட்டுக்கே வந்து அயலில் விசாரிப்பார்கள். அங்கே மறைப்பது சுத்த வீண்.

"அந்தக் கட்டளையிட கொப்பி எங்கட்ட இல்ல. எப்பிடி எடுக்கிறது?"

இந்த மாவட்டத்தில் தனியான சிறுவர் நீதிமன்றத்தைத் தேட வேண்டாம். அப்படியானவை நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். ஆகவே வழக்கு நடந்த நீதவான் நீதிமன்றத்தின் பதிவாளரிடம் போகவேண்டும். மூதூர் வழக்கை மூதூரில், கந்தளாய் வழக்கைக் கந்தளாயில்.

சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்துக் கோரிக்கை) போட்டு, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். முழு ஏடும் தேவையில்லை. குற்றச்சாட்டுப் பத்திரமும் இறுதிக் கட்டளை எழுதிய நாளின் பக்கமும் போதும். வழக்கு இலக்கம் தெரியாதென்றால் பழைய அழைப்பாணை, பிணைமுறி, தண்டப்பணப் பற்றுச்சீட்டு எதிலாவது இருக்கும். அங்கே ஒரு சிக்கல்: பொலிஸ் முதல் அறிக்கை போடும்போது கொடுத்த 'பீ' இலக்கம் வேறு, குற்றச்சாட்டு வைத்த பிறகு விழுந்த வழக்கு இலக்கம் வேறு. 'பீ' இலக்கத்தை மட்டும் கொண்டுபோனால் இறுதிக் கட்டளை கிடைக்காமல் அலைவீர்கள்.

பிள்ளை இன்னும் 18க்குக் கீழ் என்றால் தாயோ தந்தையோ அடையாள அட்டையோடும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடும் போகவேண்டும். ஏடு மிகப் பழையது, இப்போது இல்லை என்று சொன்னால் வாயால் கேட்டுத் திரும்பாதீர்கள். அதையே எழுத்தில் ஒரு கடிதமாகக் கேளுங்கள். பின்னர் அதற்கும் ஒரு பெறுமதி இருக்கும். இரண்டு அத்தாட்சிப் பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

"கனடாவில இருக்கிற தங்கச்சி சொல்றா, அங்க சின்னப்பிள்ளையள்ட கேஸைச் சீல் பண்ணிப்போடுவாங்களாம். இங்கயும் சீல் பண்ணலாமா?"

கனடாவில் 12 முதல் 17 வயது வரையானவர்களின் வழக்குகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டத்தின்படி நடக்கின்றன. இளையோர் பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் யார் என்று அதில் வரையறை உண்டு, காலக்கெடுவும் உண்டு. சிறு வகைக் குற்றமென்றால் தண்டனை முடிந்து 3 வருடம், பாரிய வகையென்றால் 5 வருடம், அதன்பின் பதிவு மூடப்படும். அந்தக் காலத்துக்குள் வளர்ந்தவராக இன்னொரு குற்றத்தில் தீர்ப்பானால் இளையோர் பதிவும் கூடவே இழுபடும். கொலை போன்ற மிகப் பாரதூரமானவற்றுக்கு வேறு விதி.

இலங்கையில் வருடம் கழிந்தால் பதிவு தானாக மூடப்படும் என்றோ, மனுப்போட்டுச் 'சீல்' வைக்கலாம் என்றோ ஒரு நடைமுறை இல்லை. இங்கிருக்கும் பாதுகாப்பு வேறு மாதிரியானது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. பிள்ளையின் பெயர், விலாசம், பாடசாலை, படம் எதையும் நீதிமன்ற அனுமதியின்றிப் பத்திரிகை வெளியிடக்கூடாது. எனவே 'காசு தாங்க, கொழும்பில ஆள் இருக்கு, பேரை எடுத்துத் தாறன்' என்று வருகிற தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எடுக்க அப்படி ஒரு வழியே இல்லாதபோது எதை எடுத்துத் தரப்போகிறார்?

"கிளியரன்ஸுக்குப் போட்டு மாதக்கணக்காகுது, வரேல்ல. பழைய கேஸாலயா?"

பெரும்பாலும் விலாசத்தால். நீங்கள் கொடுத்த விலாசங்களுக்குரிய பொலிஸ் நிலையங்களிடம் தலைமையகம் அறிக்கை கேட்கும். அடையாள அட்டையில் சம்பூர், வாக்காளர் இடாப்பில் பாலையூற்று, இருப்பது அன்புவழிபுரத்தில் என்றால் எந்த நிலையமும் 'இவரை எங்களுக்குத் தெரியும்' என்று எழுதாது. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எங்கே இருந்தீர்கள் என்று ஒழுங்காகக் கொடுங்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தையும் விடாதீர்கள். விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். நிலையத்துக்கு ஒருதரம் நேரில் போய்க் கேளுங்கள்.

அதிலும் பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் விண்ணப்பத்தின் நிலையை எழுத்தில் கேட்கலாம். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். இதே சட்டத்தைக் காட்டி அயலவரோ முதலாளியோ உங்கள் விபரத்தை எடுக்கலாமா என்றால், தனிப்பட்ட தகவலுக்கு அதில் விலக்கு இருக்கிறது.

"2006இல மூதூரால இடம்பெயர்ந்தனாங்கள். அப்ப அண்ணாக்கு 15 வயசு, வழக்கு ஒண்டு நடந்துகொண்டிருந்தது. பிறகு கோட்டுக்குப் போகவேயில்ல."

இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். முடிந்த வழக்கைவிட முடியாத வழக்கு ஆபத்து. வராமல் விட்டதற்குப் பிடியாணை பிறந்திருந்தால் அது தானாகக் காலாவதியாகாது. கிளியரன்ஸ் எடுக்கும்போது வெளிவரும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிவந்தால் பயணமே நின்றுவிடும்.

வேலைக்கு விண்ணப்பிக்க முன்னர் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு ஏட்டைப் பார்வையிடுங்கள். பிடியாணை இருந்தால், அண்ணா தானாகவே சட்டத்தரணியோடு நீதிமன்றத்தில் முன்னிலையாகி, நகர்த்தல் பத்திரம் மூலம் அதை மீளப்பெறக் கேட்கவேண்டும். அன்றைய வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ், இடம்பெயர்ந்ததைக் காட்ட ஜீ.எஸ். கடிதம், நிவாரண அட்டை, மாறிப் படித்த பாடசாலையின் கடிதம் போன்றவை கையில் இருக்கட்டும். பொலிஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவதும் தானாக வந்து நிற்பதும் நீதவானுக்கு ஒன்றல்ல.

"பேர் ஒரே மாதிரி எண்டு ஆற்றையோ கேஸை என்ட மகன்ட தலையில போடுறாங்க."

நடக்கக்கூடியதே. தேசிய அடையாள அட்டை 15 வயதிலிருந்துதான். அதற்கு முந்திய வழக்கில் அடையாளம் பெயரும் தகப்பன் பெயரும் விலாசமும் மட்டுமே. நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலுவிதமாக எழுதுவார்கள், முதலெழுத்தும் மாறும்.

பிறப்புச் சான்றிதழோடு, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி ஒன்றைக் கொடுங்கள். அதில் முழுப்பெயர், எழுதப்படும் மற்ற வடிவங்கள், தகப்பன் பெயர், பிறந்த திகதி, அந்த வருடம் வசித்த விலாசம் எல்லாம் இருக்கட்டும். விரலடையாளம் ஒப்பிடப்பட்டால் சந்தேகம் அத்தோடு தீரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

"2015இல எனக்கு 17 வயசு. இப்ப சட்டப்படி 18 மட்டும் பிள்ளைதானே? அப்ப அது சிறுவர் வழக்காகாதா?"

ஆகாது. மேலே சொன்ன 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை 16 வயதாக இருந்தது. 18க்கு உயர்த்தியது 2022இல். 2015இல் 17 வயதுக்காரரைச் சாதாரண நீதவான் நீதிமன்ற வழக்காகவே நடத்தியிருப்பார்கள். பின்னால் வந்த மாற்றம் அன்று எழுதிய தீர்ப்பை அழிக்காது. ஆனாலும் அன்றே 306ஆம் பிரிவின் கீழ் விடுவித்திருக்க இடமுண்டு. கொப்பியை எடுத்துப் பார்க்காமல் 'ஓம்' போடாதீர்கள்.

"சான்றுபெற்ற பாடசாலையில ரெண்டு வருஷம் இருந்தவன். விடுகைப் பத்திரத்தில அந்தப் பேர் வருமே?"

அங்கிருந்து வெளியில் ஒரு பாடசாலைக்குப் போய்ப் படித்திருந்தால் அந்தப் பாடசாலையின் விடுகைப் பத்திரத்தைக் கொடுங்கள். சாதாரண தரப் பெறுபேற்றில் இருப்பது சுட்டெண்ணும் பாடங்களும்தான். வேலைக்கு அதுவே போதும். காலத்தில் இடைவெளி தெரிந்தால் 'வேறிடத்தில் தங்கிப் படித்தேன்' என்பது பொய்யல்ல. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதை மேலே வையுங்கள். மேலதிக கடிதம் தேவைப்பட்டால் கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கேட்கலாம்.

"சைக்கிள் இல்ல, மோட்டார் சைக்கிள் ஓடினதுக்கு ஃபைன் கட்டினது. அதுவும் குற்றமா?"

பொலிஸ் எழுதித் தந்த தண்டச் சீட்டுக்குத் தபாலகத்தில் காசு கட்டி முடிந்தது என்றால் நீதிமன்றமே அதற்குள் வரவில்லை. கோட்டில் நின்று 'குற்றவாளி' என்று ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியது என்றால் அது தீர்ப்புத்தான். 'எந்தவொரு குற்றத்துக்கும்' என்று படிவம் கேட்டால் அதையும் எழுதுங்கள். போக்குவரத்துத் தண்டத்துக்காக ஒருவரை ஒதுக்குவது அரிது.

"விசாவுக்கும் இதே பதில்தானே?"

இல்லை, இங்கே கேள்வி மாறுகிறது. அமெரிக்க விசாப் படிவம் 'கைதானீரா' என்றே கேட்கிறது, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லவேண்டும். கனடாப் படிவம் குற்றம் செய்தது, கைது, குற்றச்சாட்டு, தீர்ப்பு நான்கையும் ஒரே மூச்சில் கேட்கிறது. உள்ளூர் வேலைக்கு 'இல்லை' என்று நேர்மையாக எழுதிய அதே ஆள் அங்கே 'ஓம்' போட்டு, 12 வயதா 15 வயதா என்பதையும் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் இரண்டு வரியில் விளக்கி, கட்டளையின் அத்தாட்சிப் பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்கவேண்டும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்யட்டும். 'விடுவிப்பு' என்பதைத் 'தண்டனை முடிந்து விடுதலை' என்று பெயர்த்து வைத்தால் விசா அதிகாரி குற்றத்தீர்ப்பு என்றே வாசிப்பார்.

"யுத்தம் முடிஞ்சாப்பிறகு புனர்வாழ்வுக்குக் கொண்டுபோனவங்க, அப்ப வயசு 16. அது தீர்ப்பா?"

புனர்வாழ்வு நிலையத்தில் இருந்தது நீதிமன்றத் தீர்ப்பல்ல. 'குற்றவாளியாகக் காணப்பட்டீரா' என்ற கேள்விக்கு, வேறு வழக்கு இல்லாதவரை, 'இல்லை' என்பதே சரி. ஆனால் பாதுகாப்புச் சோதனை உள்ள வேலைகளிலும் சில நாட்டு விசாக்களிலும் 'தடுத்து வைக்கப்பட்டீரா', 'ஆயுதக் குழுவில் இருந்தீரா' என்று தனியாகக் கேட்பார்கள். அங்கே பதில் வேறு. விடுவித்தபோது தந்த பத்திரம் தொலைந்திருந்தால் அதன் பிரதியை இப்போதே கேட்டு எடுத்து வையுங்கள். வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் குடிவரவுச் சட்டத்தரணி இல்லாமல் இந்தப் பகுதியை நிரப்ப வேண்டாம்.

"தீர்ப்பே இல்ல, ஆனா ஜீ.எஸ். 'ஓம்' எண்டு எழுதிப்போட்டார். என்ன செய்ய?"

சண்டை பிடிக்காமல், மேலொப்பத்துக்குப் போகுமுன் பிடியுங்கள். இறுதிக் கட்டளையின் பிரதியைக் காட்டிப் புதுப் படிவம் எழுதித் தரும்படி கேளுங்கள். ஊர்க்கதையை நம்பி எழுதியிருப்பார், கடதாசியைக் கண்டால் பலர் மாற்றுவார்கள். மறுத்தால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்து, கட்டளைப் பிரதியை இணைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தத் திகதி முத்திரை போட்ட கடிதத்தைத்தான்.

"நேர்முகத்தில முகத்துக்கு நேரே 'உம்மில கேஸ் இருந்ததாமே' எண்டு கேட்டா?"

மூன்று வசனத்துக்கு மேல் போகவேண்டாம்: எத்தனை வயதில், வழக்கு எப்படி முடிந்தது, அதற்குப் பிறகு என்ன படித்தீர்கள் அல்லது என்ன வேலை செய்தீர்கள். ஆர் பிழை, ஆர் சரி என்ற கதைக்குப் போனால் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும், வேலையைப் பற்றிப் பேச நேரம் இராது. கட்டளையின் பிரதி பையில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டி, மூலத்தைக் கொடுத்துவிடாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.